அடிப்பிடித்த காணம்

உக்காருங்க அண்ணாச்சி, நல்லா உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். கனமில்ல, ஒரு வேட்டியும் துண்டும்தான். நாகர்கோயில் வரைக்குமா? நானும் அங்கதான். அப்ப ரெண்டு மணி நேரம் பேச்சுத்துணை ஆச்சு.

நமக்குக் கோவில்பட்டிப் பக்கம், நல்லாங்குறிச்சி. கேள்விப்பட்டிருக்க மாட்டீக. சாம்பமேடுன்னா தெரியுமா? மூவாயிரம் வருசத்துக்கு முந்தி ஆளுக குடியிருந்த எடம், பானை சட்டியெல்லாம் தோண்டி எடுத்தாகன்னு பேப்பர்ல போட்டானே. அந்த மேடுதான். அங்க நான் பத்தொன்பது வருசம் வாச்மேன். பேரு சங்கிலி.

இப்ப ஒரு மேடத்தைப் பாக்கப் போறேன். எஸ்தர் மேடம். பெரிய படிப்புப் படிச்சவுக. மண்ணுக்குள்ள கரிஞ்சு கிடக்குற தானியத்தைப் பாத்து, அந்தக் காலத்து ஆளுக என்ன வெதச்சாக, என்ன தின்னாகன்னு சொல்ற படிப்பு. இப்ப ரிட்டையராகி நாகர்கோயில்ல தங்கச்சி வீட்டுல இருக்காக. அவுக மேல எனக்கு இருபத்திரெண்டு வருசமா ஒரு வருத்தம் அண்ணாச்சி. சொன்னா நீங்களே ஞாயம் சொல்லுங்க.

மொத வருசம் தொல்லியல் துறைக்காரக தோண்ட வந்தப்ப நான்தான் அங்க ராசா. சும்மா சொல்லலை. நாப்பது ஆளு வேலை செஞ்சோம். கடப்பாரை போடுறவன் போடுவான், மண்ணு சுமக்குறவ சுமப்பா. ஆனா குழிக்குள்ள எறங்கி, மண்ணோட நெறம் மாறுற எடத்துல கையை நிறுத்தணும்னா அது சங்கிலிதான். டைரக்டர் சாரே சொல்வாரு, "சங்கிலி கை பட்டா பானை ஓடு உடையாது"ன்னு. எல்லாரு முன்னாலயும் சொல்வாரு. வடிவு அப்ப மண்ணு சுமந்துக்கிட்டிருந்தா. வடிவு என் சம்சாரம். சார் என்னையச் சொல்றப்ப எல்லாம் கூடையைத் தலையில வச்சுக்கிட்டே திரும்பிப் பாத்துச் சிரிப்பா.

எங்களுக்குப் பிள்ளை இல்ல. கல்யாணமாகிப் பதினாறு வருசம் ஆகியிருந்துச்சு. அவதான் எனக்கு, நான்தான் அவளுக்கு. வாயாடி. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ரெண்டு மைலும் பேசிக்கிட்டே வருவா. எவ என்ன சேலை கட்டியிருந்தா, எந்தக் குழியில எத்தனை ஓடு, எல்லாம். நான் "ம்"னு சொன்னாப் போதும்.

ரெண்டாம் வருசம் எஸ்தர் மேடம் வந்தாக. வந்தன்னைக்கே ஒரு தகர டிரம்மை எறக்கி, அதுல தண்ணியை நெரப்பி, நாங்க வெட்டிப்போட்ட மண்ணை அதுல கொட்டிக் கலக்கச் சொன்னாக. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. மண்ணைக் கரைச்சு என்ன கொழம்பா வைக்கப் போறாகன்னு. பாத்தா, மண்ணு அடியில எறங்கிருச்சு, கரிஞ்ச வெதையெல்லாம் மேல மெதந்துச்சு. அதை மல்லுத் துணியில வடிகட்டி, நெழல்ல காயவச்சு, லென்சு வச்சுப் பொறுக்கணும். டிரம்முல மண்ணைக் கொட்ட ஒரு பொம்பளை ஆளு வேணும்னாக. வடிவு போனா.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, மேடம் ஒரு கரிஞ்ச மணியை அவ உள்ளங்கையில வச்சு, "இது என்னன்னு தெரியுமாக்கா?"ன்னு கேட்டிருக்காக. சும்மா பேச்சுக்குத்தான். இவ அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "காணம்"னா. கொள்ளு, கொள்ளு, நாங்க காணம்னு சொல்வோம். "காணம் மேடம். ஆனா பச்சைக் காணம் கரிஞ்சதில்ல, வெந்தப்புறம் கரிஞ்சது"ன்னா.

"அதை எப்படிச் சொல்றீங்க?"

"வெந்தா மூக்குகிட்ட தோலு பிரியும்ல. பாருங்க, பிரிஞ்சிருக்கு."

மேடம் லென்சை வச்சுப் பாத்தாக. அப்புறம் இவளைப் பாத்தாக. மறுநாள் டிரம்முல மண்ணு கொட்ட வேற ஆளு. வடிவுக்குப் பந்தலுக்குள்ள ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு லென்சு.

எழுதப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி அவளுக்கு. ஆனா இது சாமை, இது வரகு, இது பயத்தங்காட்டுல மொளைக்கிற களைன்னு ஒவ்வொண்ணா ஒதுக்குவா. மேடம் பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதுவாக. உடைஞ்ச ஓட்டுல உமி பதிஞ்சிருந்தா, "நெல்லு உமியைப் போட்டுல்ல களிமண்ணை மிதிச்சிருக்கான்"னு தடவியே சொல்லிருவா. வடிவக்கா, வடிவக்கான்னு மேடத்துக்கு மூச்சுக்கு முந்நூறு தடவை. நான் குழிக்குள்ள வெயில்ல. அவ பந்தல்ல நெழல்ல. கூட வெட்டுற அய்யாக்கண்ணு ஒருநாள் கேட்டான், "என்னடா சங்கிலி, உன் பொண்டாட்டி ஆபீசரம்மா ஆகிட்டா, நாளைக்கு உனக்குச் சம்பளம் அவதான் போடுவா போல"ன்னு. எல்லாவனும் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் அவ பேச்செல்லாம் மேடம், வெதை, மேடம், வெதை. ரெண்டு மைலும் அதேதான். எனக்கு "ம்" வரலை. ஏன் பேச மாட்டேங்கிறீகன்னு கேட்டா. தலைவலின்னேன். நீங்களே சொல்லுங்க, ஒரு குடும்பத்துப் பொம்பளை மனசை இப்படி மாத்தலாமா? அதான் என் வருத்தம்.

பங்குனி மாசம்னு நெனைக்கிறேன், அந்தச் சட்டி கெடைச்சுச்சு. என் குழியில. என் கையில. ஒம்பதடி ஆழத்துல ஒரு அடுப்பு, மூணு கல்லு வச்ச அடுப்பு. அதுமேல சட்டி வச்சது வச்சபடி உக்காந்துருக்கு. செவப்புச் சட்டி, வாயி மட்டும் கருப்பு. ஒரு கீறல் இல்ல. ரெண்டு நாளு தூரிகையால மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்தேன் அண்ணாச்சி, பிரசவம் பாக்குற மாதிரி. எல்லாரும் சுத்தி நிக்காக. உள்ளே முக்காவாசி மண்ணு. மேடம் குனிஞ்சு டார்ச்சடிச்சுப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டாக. அடியில கருப்பா, தடிப்பா, பத்திப் போயிருக்கு. அதுல காணம் காணமா ஒட்டியிருக்கு.

வடிவு எட்டிப் பாத்துட்டு, "அடிப்பிடிச்சிருக்கு"ன்னா. "எவளோ அடுப்புல வச்சுட்டு எழுந்திரிச்சுப் போயிருக்கா. பாவம், புருசன்காரன் கூப்பிட்டிருப்பான்."

எல்லாரும் சிரிச்சுட்டாக. டைரக்டர் சாரே சிரிச்சாரு. போட்டோ எடுத்தாக. சட்டியோட மேடம், சட்டியோட சாரு, சட்டியோட மேடமும் வடிவும். என்னைய எடுக்கலைன்னு சொல்லலை. எடுத்தாக. அந்தப் போட்டோவுல என் கை மட்டும்தான் வந்திருந்துச்சு.

மேடம் சொன்னாக, தானியம் இருக்கிற சட்டி இப்படி முழுசா கெடைக்கிறது அபூர்வம், இதை வச்சு அந்த மேட்டுக்கு வயசே சொல்லிரலாம், யாரும் கைவைக்கக் கூடாது, ரெண்டு நாளு கழிச்சு வடிவக்காவும் நானும்தான் உள்ள உள்ளதை எடுப்போம்னு. அதோட விட்டாகளா? "வடிவக்கா, நீங்க எங்கூடப் பூனாவுக்கு, எங்க ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாங்க. மூணு மாசம். அங்க இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கலாம், நீங்களும் கத்துக்கலாம்"னு எல்லாரு முன்னாலயும் கேட்டாக.

அன்னைக்குச் சாயந்தரம் அவ அடுப்படியில இருந்துக்கிட்டே கேட்டா, "போயிட்டு வரவா?"ன்னு.

"போ"ன்னேன்.

"'போ'ன்னா 'போ'வா? 'போ'ன்னா 'போகாத'யா?"

"உன் இஷ்டம்."

அவ கொஞ்ச நேரம் என்னையவே பாத்தா. அப்புறம் சிரிச்சா. "மூணே மாசம். என் தங்கச்சி வந்து உங்களுக்குப் பொங்கிப் போடுவா. அவகிட்ட சொல்லிட்டேன்"னா. சொல்லிட்டாளாம். என்கிட்ட கேக்குறதுக்கு முந்தியே.

மறுநாள் மத்தியானம். மேடம் சாமான் வாங்கக் கோவில்பட்டி போயிருந்தாக. ஆளுக எல்லாம் புளியமரத்தடியில சாப்பிட்டுக்கிட்டிருந்தாக. நான், எடுத்த ஓடு பானையெல்லாம் வைக்கிற கொட்டகைக்குப் போனேன். சட்டி மேசை மேல இருந்துச்சு. எவ்வளவு அழுக்கு தெரியுமா? நான் கெட்ட எண்ணத்துல செய்யலை அண்ணாச்சி. மொத வருசம் எடுத்த எல்லாப் பானையும் கழுவித்தானே வச்சோம்? கழுவுறதுதானே மொறை? குழாயடிக்கு எடுத்துட்டுப் போனேன். உள்ள இருந்த மண்ணைக் கொட்டுனேன். தண்ணியை விட்டேன். அடியில பத்துனது போகலை. தேங்கா நாரும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன். அப்பவும் போகலை. ஒரு ஓட்டுச்சில்லை எடுத்துச் சுரண்டுனேன். நல்லாப் பளிச்சுன்னு ஆக்கி, வெயில்ல கவுத்தி வச்சுட்டு, வந்து சாப்பிட உக்காந்தேன்.

அழுக்காயிருந்துச்சு, கழுவுனேன். அவ்வளவுதான்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்குறீக?

சரி. அவ்வளவு மட்டும் இல்லதான். சுரண்டும்போது ஒரு காணம் பேந்து, தண்ணியில மெதந்து, குழாயடிப் பள்ளத்துக்குப் போச்சு. அதைப் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் தேச்சேன்.

மூணு மணிக்கு மேடம் வந்தாக. சத்தம் போடுவாகன்னு நெனச்சேன். போடலை. அந்தச் சட்டியைத் தூக்கி, உள்ளே பாத்து, மோந்து பாத்தாக. அப்படியே தரையில உக்காந்துட்டாக. டைரக்டர் சாருதான் கத்துனாரு. நாப்பது பேரையும் வரிசையா நிக்க வச்சு, "யார் செஞ்சது?"ன்னாரு.

வடிவு எனக்கு எதுத்தாப்புல நின்னா. அவ சட்டியைப் பாக்கலை, சாரைப் பாக்கலை. என் கையைப் பாத்தா. என் நகத்துக்குள்ள கரி. ஓரமெல்லாம் செங்கப்பொடி. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன்.

"நாந்தான் சார்"னா வடிவு.

மேடம் எந்திரிச்சு வந்தாக. "அக்கா, நீங்களா? நீங்க செய்ய மாட்டீங்க."

"நாந்தான் மேடம். தெரியாமக் கழுவிட்டேன்."

"உங்களுக்கா தெரியாது?"

"தெரியாமக் கழுவிட்டேன் மேடம்."

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. நான் சொல்ல வாயெடுத்தேன். நெசமாத்தான். ஆனா அவ சொல்லி முடிச்சுட்டாளே, இனி எதுல போய் நான் நுழையுறது? பொம்பளைதான, மெரட்டுனதும் பயந்து உளறிட்டான்னுதான் நெனச்சேன். அன்னைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாரு சாரு. பூனாவும் போச்சு.

சாயந்தரம் நான் வீட்டுக்குப் போனப்ப அவ எனக்கு முன்னாலயே போயிருந்தா. சோறு வடிச்சு வச்சிருந்தா. நான் தட்டு முன்னால உக்காந்தேன். சொம்புல தண்ணி கொண்டாந்து வச்சா.

"கையை நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடுங்க"ன்னா.

அவ்வளவுதான். அதுக்கு மேல அந்தச் சட்டியைப் பத்தி எங்க வீட்டுல ஒரு பேச்சு கெடையாது. அன்னைக்கும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல.

மறுமாசம் மேட்டுக்குக் காவலாளு போட்டாக. சாரு என்னையத்தான் சொன்னாரு. "பொண்டாட்டி செஞ்சதுக்கு அவன் என்ன செய்வான், நல்ல வேலைக்காரன்"னு. பகல் காவல். காலையில ஏழு மணிக்குப் போனா பொழுது சாய வருவேன். காக்கிச் சட்டை. நல்ல வேலைதான் அண்ணாச்சி. அவளும் சந்தோசப்பட்டா. காக்கிச் சட்டையைத் தொவச்சு, மடிப்புக் கலையாமக் குடுப்பா. ஆனா அந்த மேட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலை. சாகுற வரைக்கும் பாக்கலை. பேச்சும் கொறைஞ்சு போச்சு. வயசு ஆக ஆகப் பொம்பளைகளுக்கு அப்படித்தான, இல்லையா? வயசுன்னா, அவளுக்கு அப்ப முப்பத்தாறு.

ஒரு மூணு மாசம் கழிச்சு வடிவு பேருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. மேடம்தான். மூணு பக்கம். அவ கையைத் தொடச்சுக்கிட்டு ஓடி வந்து என் முன்னால உக்காந்தா. "என்ன எழுதியிருக்காக?"ன்னா.

என்ன எழுதியிருந்தாகன்னா... "நீங்க கழுவலைன்னு எனக்குத் தெரியும்க்கா. யாருன்னும் நான் கேக்கலை. பூனாவுல எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன், இப்பவும் நீங்க வரலாம், டிக்கெட்டு நான் அனுப்புறேன்"னு. அப்படித்தான் எழுதியிருந்தாக.

நான் மூணு பக்கத்தையும் மனசுக்குள்ள படிச்சேன். மடிச்சேன். "சௌக்கியமான்னு கேட்டிருக்காக"ன்னேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அங்க மழையாம்."

கடுதாசியைக் காலண்டருக்குப் பின்னால சொருகி வச்சேன். அவ, "சரி"ன்னுட்டு உள்ளே போனா.

இப்படித்தான் வருசம் போச்சு. போன வருசத்துக்கு முந்தின ஆடியில அவளுக்கு வயித்துல கட்டின்னாக. பெரியாஸ்பத்திரியில சேத்தேன். நாப்பத்தோரு நாளு. நான்தான் கூடவே இருந்தேன். கழுவிவிடுறது, தொடச்சுவிடுறது எல்லாம் நான்தான். நர்சம்மாவே சொல்லுச்சு, இப்படி ஒரு புருசனைப் பாத்ததில்லைன்னு. அதைக் கேட்டு வடிவு சிரிச்சா. கஷ்டப்பட்டுச் சிரிச்சா. நாப்பத்தோராவது நாளு போயிட்டா.

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

இப்ப ஆறு மாசத்துக்கு முந்தி, மேட்டுப் பக்கத்துல ஒரு காட்சிக்கூடம் கட்டித் தொறந்தாக. காவல் வேலை முடிஞ்சு வயசு ஆனாலும் என்னைய விடலை, கண்ணாடிப் பெட்டியெல்லாம் தொடைக்கிறதுக்கு வச்சுக்கிட்டாக. தொறப்பு விழாவுக்கு எஸ்தர் மேடம் வந்தாக. தலையெல்லாம் பஞ்சு, கையில கம்பு. என்னையப் பாத்த ஒடனே, "வடிவக்கா எங்கே?"ன்னாக.

சொன்னேன்.

அங்கன கெடந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாக. கூட்டமெல்லாம் சாப்பிடப் போனதும், "சங்கிலி, அந்தச் சட்டிகிட்டக் கூட்டிட்டுப் போங்க"ன்னாக. கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக்குள்ள சட்டி. அதுக்கு முன்னால ஒரு சின்னத் தட்டுல கரிஞ்ச தானியம். நான் தெனமும் தொடைக்கிற பெட்டிதான். அந்தத் தானியம் வேற ஏதோ குழியில எடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

மேடம் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே கேட்டாக, "வடிவக்காதான் போயிட்டாங்களே. இப்பவாவது சொல்லுங்க. கழுவினது யாரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணாச்சி? அவ செத்து அப்ப ஒரு வருசம் ஆகியிருந்துச்சு. இனி எனக்கு என்ன வேலை போகப் போகுது, என்ன மானம் போகப் போகுது? இருந்தும் என் வாயி சொல்லுது, "அதான் அவளே அன்னைக்கு ஒத்துக்கிட்டாளே மேடம்"னு.

மேடம் என்னைய ஒரு வார்த்தை வையலை. பையைத் தொறந்து ஒரு பழைய கவரை எடுத்தாக. "உங்க சம்சாரம் எனக்கு எழுதினது. உக்காருங்க, வாசிக்கிறேன்"னாக. எனக்கு ஒண்ணும் ஓடலை. அவளுக்குத்தான் எழுதத் தெரியாதே.

தபால்காரர் மகளை வச்சு எழுதியிருக்கா. மேடம் வாசிக்க வாசிக்க எனக்கு அவ கொரலே கேட்டுச்சு. ஒவ்வொரு வரியும் மனப்பாடம் ஆகிருச்சு. மேடம் மூணு தடவை வாசிச்சாக, நான்தான் கேட்டேன்.

"மேடத்துக்கு வடிவு சொல்லி எழுதுறது. நீங்க போட்ட காயிதத்தை அவுக எனக்கு வாசிச்சாக. சௌக்கியமான்னு கேக்க மட்டும் நீங்க மூணு பக்கம் எழுத மாட்டீகன்னு எனக்குத் தெரியும். அதனால இந்தப் பிள்ளையை விட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். யாருன்னு கேக்கலைன்னு எழுதியிருக்கீக. கேக்காமலே இருங்க. அவுக கெட்டவுக இல்ல. கோவத்துல செஞ்சுட்டாக. அந்த மேட்டை விட்டா அவுகளுக்கு ஒண்ணும் இல்ல, எனக்காவது அவுக இருக்காக. நான் பூனாவுக்கு வரலை. அன்னைக்கு என்னைய நிறுத்துனப்ப, குழாயடிப் பள்ளத்துல தங்குன வண்டலை ஒரு கூடை அள்ளிட்டு வந்துட்டேன். செடிக்குப் போடன்னு சொல்லிக்கிட்டேன். ரெண்டு மாசமா, அவுக வேலைக்குப் போனதும், வாளியில கரைச்சு, மெதக்க வச்சு, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நெழல்ல காயப்போட்டுப் பொறுக்குறேன். கைபடலை, ஓலைத் துணுக்காலதான் எடுத்தேன். காணம் இருபத்தாறு. பத்துனது பேந்த சில்லு மூணு. சாமையும் கொஞ்சம் இருக்கு. காணத்தோட சாமையும் சேத்துத்தான் வேக வச்சிருக்கா, நாங்க வைக்கிற மாதிரியேதான். எல்லாத்தையும் மருந்துச் சீசாவுல போட்டு இதோட அனுப்பியிருக்கேன். கெட்டுப் போகாம இருந்தா எனக்கு நிம்மதி."

மேடம் சொன்னாக, சட்டியோட அடியில தழும்பு மாதிரி ஒட்டியிருந்ததும் அந்தச் சில்லும் ஒண்ணுதான்னு ஆராய்ச்சியில தெரிஞ்சு போச்சாம். மேட்டோட வயசைச் சொன்னது அந்தக் காணம்தானாம். கண்ணாடிக்குள்ள இருக்கிறது அதேதான். அவ பொறுக்குனது.

ரெண்டு மாசம் அண்ணாச்சி. நான் காக்கிச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போய், ஒண்ணுமில்லாத மேட்டைக் காவல் காத்திருக்கேன். அவ எங்க கொல்லையில உக்காந்து, நான் அழிச்சதை ஒவ்வொரு மணியாப் பொறுக்கியிருக்கா. சாயந்தரம் அதே வாளியில நான் மொகம் கழுவியிருக்கேன்.

எனக்கு அப்பத்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சு. அவ போறதுக்கு மொத நாளு. சாயங்காலம், கொஞ்சம் தெளிவா இருந்தா. நான் கஞ்சியை ஆத்திக்கிட்டிருந்தேன். அவ என் கையைப் பிடிச்சா. பிடிச்சு, விரலை ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தா. "என்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?"ன்னு கேட்டா.

"என்னத்தைச் சொல்ல? கஞ்சியைக் குடி"ன்னேன்.

கொஞ்ச நேரம் காத்துக்கிட்டிருந்தா. நெசமாவே காத்துக்கிட்டிருந்தா அண்ணாச்சி, இப்ப நெனச்சா எனக்குத் தெரியுது. அப்புறம், "சரி, குடுங்க"ன்னா. ரெண்டு கரண்டி குடிச்சா. எனக்காகக் குடிச்சா.

எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இருபது வருசம் எனக்குச் சோறு போட்டிருக்கா. ஒரு நாளாவது என்னையக் கேட்டிருக்கலாம்ல? திட்டியிருக்கலாம்ல? ஒரு சட்டியைத் தூக்கி என் மேல எறிஞ்சிருக்கலாம்ல? அப்படிச் செஞ்சிருந்தா நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்.

மேடம் மேல வருத்தம்னு சொன்னேன்ல, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு.

அன்னைக்கு லெட்டரை வாசிச்சு முடிச்சுட்டு, மேடம் என் மொகத்தையே பாத்தாக. அப்பவாவது சொல்லியிருக்கணும். துணியை எடுத்துக் கண்ணாடியைத் தொடச்சேன். காரு வந்துருச்சு, போயிட்டாக. அதுக்கப்புறம் ரெண்டு தடவை பஸ் ஏறிட்டேன். மொதத் தடவை நாங்குநேரியிலயே எறங்கித் திரும்பிட்டேன். அடுத்த தடவை வள்ளியூர். இப்ப மேடத்துக்கு ஒடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். அவுகளும் போயிட்டா, இதைக் கேக்குறதுக்கு இந்த ஒலகத்துல ஆளே கெடையாது.

என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். "மேடம், சட்டியைக் கழுவுனது நாந்தான், கோவத்துல செஞ்சுட்டேன்." இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இந்த வயசுல ரெண்டு பஸ்.

இல்ல. "கோவத்துல"ங்கிறது வேண்டாம். அது அவ எனக்காகச் சொன்னது. அதை நான் சொல்லக் கூடாது.

"கழுவுனது நாந்தான் மேடம்."

அது என்ன ஊரு அண்ணாச்சி, காத்தாடியா சுத்துதே? ஆரல்வாய்மொழியா? இவ்வளவு தூரம் நான் வந்ததில்ல. நாகர்கோயில் வந்ததும் நீங்க எறங்குறப்ப என்னையும் எறக்கி விட்டுருங்க. நான் ஏதாவது சொல்லிக்கிட்டு உக்காந்தே இருந்தா, கையைப் பிடிச்சு எறக்கிருங்க.